சிவப்பிக்கு இடம் கொடுத்த கல்தூக்கி

என் அண்ணி பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், அண்ணன் வாங்கிவந்த மின்விசிறி ஒரு பக்கமாக ஆடுகிறது என்று கடைக்கு நடையாய் நடந்து அதை மாற்றிக்கொண்டு வந்தாள். "ஆடினா என்ன, காத்து வருதில்ல?" என்று கேட்ட அண்ணன், மாற்றி வருகிற வரை வியர்த்துக்கொண்டு தூங்கினான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், வந்த வேகத்தில் போயும் விடும். அண்ணிக்குக் கோபமே வராது. எதிரில் இருப்பவர்கள் அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

நான் தையல்காரி. கட்டினவனோடு ஒத்துவராமல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அண்ணன் தலையைச் சொறிந்தான். அண்ணி முன்னறையில் கிடந்த கட்டிலை இழுத்துப் பின்னால் போட்டாள். "மெஷினுக்கு வெளிச்சம் இங்கதான் நல்லா வரும்" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு. அவள் மகனும் என் மகளும் ஒரே தட்டில் அடித்துக்கொண்டு வளர்ந்தார்கள். தெருவில் சிலர் என்னை ஒண்டிக்கொண்டிருப்பவள் என்று சொல்வது என் காதுக்கும் வரும். அவர்கள் தைக்கக் கொடுத்த துணி மட்டும் கொஞ்சம் தாமதமாகும்.

ஊர் முடிகிற இடத்தில், பழைய பம்ப் அறைக்குப் பின்னால், மீன் வளர்ப்பு நிலையம் இருக்கிறது. அண்ணிக்கு அங்கே குளத்து வேலை. குளம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சிமென்ட் கரை கட்டிய தொட்டிகள். தண்ணீர் ஒரு பக்கம் வாய்க்காலில் இருந்து வரும், மறுபக்கம் வழிந்து போகும். காலையில் போனதும் அடைப்பைத் தூக்கித் தண்ணீர் விட வேண்டும், வடிகட்டும் வலையைக் கழுவ வேண்டும், தீவனம் போட வேண்டும். கடைசியாக, சீப்பு மாதிரிப் பல் வைத்த நீளக் கட்டையால் குளத்தின் தரையை மட்டமாக இழுத்துவிட வேண்டும். தரை மட்டமாக இருந்தால்தான் அழுக்கு தங்காது, நோய் வராது. ஒரு குளத்துக்கு ஒரு மீன், மேடு பள்ளம் இல்லாத தரை; இரண்டும் அந்த நிலையத்தின் வேதவாக்கு. அண்ணி இழுத்துவிட்ட தரையைப் பார்த்தால், இஸ்திரி போட்ட துணி என்று நானே ஏமாந்துபோவேன்.

ஊருக்கு மேற்கே ஓர் ஓடை இருந்தது. புதிய சாலைக்காக அதைக் குழாய்க்குள் அடைக்கப் போவதாக முடிவானது. அந்த ஓடையில் மட்டும் ஒரு சின்ன மீன் உண்டு. விரல் நீளம்தான், முட்டையிடும் காலத்தில் விலா ஓரமாகச் சிவப்புக் கோடு ஓடும். நிலையத்தில் அதற்குச் சிவப்பி என்று பெயர். வேறு எந்த நீர்நிலையிலும் அதைப் பார்த்ததில்லை என்று நிலையத்தின் பொறுப்பாளர் தேடிப் பார்த்துச் சொன்னார். அவரை எல்லாரும் மீன் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனுஷர், ஆனால் எதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்வார். ஓடையை மூடுவதற்கு முன் சிவப்பிகளை எல்லாம் பிடித்துக் குளத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவர் சொன்னார். பிடிக்கிற வேலை அண்ணிக்கு வந்தது.

அண்ணி ஓடைக்குள் இறங்கிச் சல்லடை போட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். வலையில் இன்னொரு மீனும் மாட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சாண் நீளம், தடித்த உதடு, தலையில் முள்முள்ளாய்ச் சொரசொரப்பு. அதன் பெயர் கல்தூக்கி. அது கூழாங்கற்களை வாயால் தூக்கும். கல்லுக்கு அடியில் இருக்கிற முட்டைகளைத் தின்னத்தான் தூக்குகிறது என்று நிலையத்தில் எல்லாருக்கும் நினைப்பு. ஆகவே சிவப்பிகள் வாளிக்குள் போயின, கல்தூக்கிகள் ஓடை போய்ச் சேருகிற ஆற்றில் எறியப்பட்டன. ஓடையில் ஒரு சிவப்பிகூட மிச்சம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அண்ணி கரையேறினாள். பின்னாலேயே மண் வண்டிகள் வந்தன.

குளத்தில் சிவப்பிகள் நன்றாகச் சாப்பிட்டன, கொழுத்தன. முட்டையிடும் காலம் வந்ததும் விலாவில் சிவப்பு ஏறியது. ஆணும் பெண்ணும் குளத்தை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் சுற்றிச் சுற்றி வந்தன. முட்டை மட்டும் போடவில்லை. பிறகு சிவப்பு மங்கியது. டாக்டர் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கிப் பார்த்தார், தீவனத்தை மாற்றிப் பார்த்தார், முட்டை போட வைக்கிற ஊசிகூடப் போட்டார். அடுத்த வருஷமும் அதே கதை. சிவப்பிக்கு ஆயுசு மூன்று வருஷம், மிஞ்சினால் நான்கு. இன்னும் ஒரு பருவம்தான் பாக்கி என்று டாக்டர் அண்ணியிடம் மெதுவாகச் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணி சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "என்ன அண்ணி, கையில ஜோசியம் பாக்குறீங்களா?" என்று நான் சீண்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"ஓடையிலேயே விட்டிருந்தா மண்ணுல புதைஞ்சு செத்திருக்கும். அது ரோடு போட்டவங்க பாவம். கடைசி மீன் வரைக்கும் தேடிப் பிடிச்சு, பத்திரமா கொண்டுவந்து, தீனி போட்டு, இப்ப வம்சமே இல்லாம போகுதுன்னா அது யாரு கணக்குல? என் கணக்குலதான்."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்களா முட்டை போட முடியும்?"

"போட வெக்கணும்" என்றாள்.

காலை நீட்டி உட்கார்ந்தபோது அவள் முழங்காலுக்குக் கீழே பழைய தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஓடையில் வேலை பார்த்தபோது பட்டது. எப்படி இத்தனை அடி பட்டது என்று நான் அன்றுதான் கேட்டேன்.

"கல் குவியல் தடுக்கிடும். ஓடை நெடுக யாரோ பிள்ளைங்க விளையாட்டுக்குக் கல்லைக் குவிச்சு வெச்சிருந்தாங்க. எனக்கும் அதான் வசதி. சிவப்பி எல்லாம் அந்தக் குவியலைச் சுத்தித்தான் மொய்க்கும். குவியலைப் பாத்து வலையைப் போட்டா..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்த ஓடைப் பக்கம் பிள்ளைங்க விளையாடி நீ பாத்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் முழுக்க முள்காடு.

மறுநாள் காலை அண்ணி குளத்துத் தரையை மட்டமாக இழுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. ஒரு கூடை கூழாங்கல் பொறுக்கிக்கொண்டுவந்து, ஓடையில் பார்த்த அளவுக்கே குளத்தின் நடுவில் குவித்தாள். டாக்டர் வந்து பார்த்தார். வேதவாக்கு போயிற்றே என்று அவர் கத்துவார் என நினைத்தாளாம். அவர் கரையில் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "செஞ்சு பாக்கலாம்மா" என்றார்.

பருவம் வந்தது. சிவப்பிகள் குவியலுக்கு மேலே கூடின. சில முட்டைகளும் விழுந்தன. அண்ணி சந்தோஷத்தில் எனக்குப் போன் போட்டு, "விழுந்துடுச்சு, விழுந்துடுச்சு" என்றாள். நான் மாடிப்படியில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று அரக்கப்பரக்க ஓடினேன். ஆனால் இரண்டொரு நாளில் கல்லுக்கு நடுவில் வண்டல் படிந்தது. முட்டைகள் வெளுத்து, பஞ்சு மாதிரிப் பூஞ்சை பிடித்தன. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பருவம் பாதி முடிந்திருந்தது.

"குவியல் சரி, குவிச்ச ஆளுதான் சரியில்ல" என்றாள் அண்ணி. "கல்லைத் தூக்குற மீனு ஒண்ணை நான்தானே ஆத்துல எறிஞ்சேன்? அதைக் கொண்டாரணும்."

இதற்குத்தான் டாக்டர் சம்மதிக்கவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லை. "அதோட வாயைப் பாத்தீங்களா? இருக்கிறது ஒரு கைப்பிடி சிவப்பி. முட்டை திங்கிற மீனை நாமளே கொண்டுவந்து விட்டு, மிச்சமும் போச்சுன்னா? வெளிநாட்டு ஓடைகள்ல ஒரு மீன் கட்டுற கூட்டுல இன்னொரு மீன் முட்டை போடும்னு படிச்சிருக்கேன். ஆனா இதுவும் அப்படித்தான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் தெரியாது சார். சும்மா இருந்தா என்ன ஆகும்னு மட்டும் தெரியும்" என்றாள் அண்ணி.

அவர் முடியாது என்றார். அண்ணி தினமும் காலை வேலையை முடித்துவிட்டு அவர் அறை வாசலில் போய் நின்றாள். கேட்க மாட்டாள், கெஞ்ச மாட்டாள், நிற்பாள். அவர் தேநீர் குடித்தால் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆடிய மின்விசிறியை விற்ற அந்தக் கடைக்காரரை நினைத்து நான் டாக்டருக்காகப் பரிதாபப்பட்டேன். கடைசியில் மனுஷர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு ஆணு, ரெண்டு பொண்ணு. அதுக்கு மேல வேண்டாம். திங்குதுன்னு பாத்த உடனே வெளிய எடுத்துடணும்" என்றார்.

ஆற்றுக்கு வாளி தூக்க என்னைக் கூட்டிப்போனாள். எனக்கு மீன் வாடையே ஆகாது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டு போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அண்ணி வலை வீசினாள். வீசியதில் எல்லாம் குப்பையும் கெண்டையும் வந்தன. வெயில் சாய்கிற நேரத்தில் அந்த முரட்டுத் தலை வலையில் துள்ளியபோது, அவளைவிட நான்தான் பெரிதாகக் கத்தினேன். பின்னாலேயே இரண்டு பெண் மீன்களும் மாட்டின.

குளத்தில் விட்டதும் ஆண் கல்தூக்கி ஒரு மூலையில் ஒளிந்துகொண்டது. அண்ணி தன் கையால் கட்டிய குவியல் அதற்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் பக்கத்தில் ஒரு குழி பறித்தது. பிறகு அந்தக் குவியலைக் கலைத்து, ஒவ்வொரு கல்லாக வாயில் கவ்வி, குழியில் கொண்டுபோய்ப் போட்டது. தன் தலையளவு கல்லைக்கூட உருட்டி, தள்ளி, கவ்விக்கொண்டு போயிற்று. கல் நழுவினால் திரும்ப வந்து எடுத்தது. தின்னவும் இல்லை, நின்று ஓய்வெடுக்கவும் இல்லை. நான் தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். உதடு தோலுரிந்து வெளுத்திருந்தது. "இது உங்க சொந்தக்காரன்தான் அண்ணி" என்றேன்.

குவியல் எழுந்ததும் பெண் கல்தூக்கிகள் வந்து முட்டையிட்டன. அதற்குப் பின்னாலேயே சிவப்பிகள் வந்தன. குவியலின் மேல் சிவப்பாய் ஒரு கூட்டம் கூடியது. கல்தூக்கி வாயைத் திறந்தால் ஒன்றிரண்டை விழுங்கிவிடலாம். ஆனால் அந்த முரடன் அவற்றுக்கு நடுவில் கல்லை வைத்து முட்டைகளை மூடிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தான். வாய்க்கால் வழியாக நுழைந்த கெண்டைக் குஞ்சுகளை மட்டும் துரத்தித் துரத்தி முட்டினான். ஒரு சிவப்பியைக்கூடத் தொடவில்லை.

டாக்டர் பிரமித்துப்போய் நின்றார். பிறகு சிரித்தார். "பாருங்க, வீடு கட்டினது அவன், காவல் அவன். இதுங்க ஓசிக் குடித்தனம்!"

எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னைச் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "குடித்தனம் வந்தவங்களால வீட்டுக்காரனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு நீங்க எப்படி சார் முடிவு பண்ணுனீங்க?" என்று பாய்ந்தேன்.

பாவம், அவர் திகைத்துவிட்டார். யோசித்துவிட்டுத்தான் பேசினார். "இல்லம்மா, நீங்க சொல்றது சரிதான். கல்லுக்குள்ள அவன் முட்டை மட்டும் இருந்தா, திருட வர்றது திங்கிறதெல்லாம் அவன் முட்டைதான். இப்ப நூத்துக்கணக்கா கலந்து கிடக்கு. திருடன் வாயில போறதுல அவன் பிள்ளைங்க கொஞ்சம்தான். அதனாலதான் விரட்டாம விடுறான் போல."

"கேட்டுக்கோ" என்று அண்ணி என் முழங்கையை இடித்தாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. ஒரு நாள் காலையில் அண்ணி போனபோது கல்தூக்கி குவியலின் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து செத்துக் கிடந்தது. தின்னாமல் குடிக்காமல் உழைத்து, புண்ணாகிப் போன உடம்பு. அதே நேரத்தில் மேற்கே எங்கோ மழை பெய்து வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது. கல்லின் மேல் வண்டல் படிந்தால் முட்டைக்கு மூச்சு அடைத்துவிடும். கல்லைப் புரட்டி, வாலால் விசிறி வண்டலைத் தள்ளிக்கொண்டிருந்தது அவன்தான். அவன் இல்லையென்றால் மறுபடியும் பஞ்சு பிடிக்கும். தண்ணீரை நிறுத்தவும் முடியாது; நிறுத்தினால் முட்டை மூச்சில்லாமல் சாகும்.

இன்னொரு கல்தூக்கியைக் கொண்டுவரலாமா என்று அண்ணி கேட்டாள். புதிதாக வருகிறவன் முதலில் பழைய குவியலைக் கலைப்பான், அதை அவளே பார்த்திருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார். முட்டையைப் பொறுக்கித் தட்டில் வைக்கலாமா என்றால், கல்லை எடுத்தாலே நசுங்கிவிடும். பம்ப் வைத்து அடித்தால் எல்லாம் பறந்துவிடும். "கையாலதான் விசிறணும். மெதுவா. அவன் வால் எவ்வளவு வேகமா ஆடுச்சோ அவ்வளவுதான்" என்றார் அவர்.

அண்ணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள். குவியலுக்கு மேலே உள்ளங்கையை விரித்து விசிறினாள். இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் வருவதற்குள் இந்தப் பக்கம் படிந்துவிடும். கெண்டைக் குஞ்சுகள் வேறு. கையை நீட்டி விரட்ட வேண்டும். மதியம் நான் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் உதடு நீலமாகியிருந்தது. விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன.

"மேல வாங்க அண்ணி. போதும்."

"இன்னும் பொரிக்கல."

"உங்களுக்கு ஜுரம் வந்து படுத்தா யாரு பாக்குறது?"

"நீ இருக்கல்ல" என்றாள், கையை நிறுத்தாமல்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "இருக்கேன்தான்! எதுக்கு இருக்கேன்? தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே செருப்பைக் கழற்றி வீசிவிட்டு இறங்கினேன். தண்ணீர் சில்லென்று எலும்பைப் பிடித்தது. அவளைக் கையைப் பிடித்துக் கரையேற்றினேன். விசிறினேன். வேகமாக விசிறியதற்குக் கரையில் இருந்த அண்ணியிடம் திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு, வண்டல் தெளிகிற வரைக்கும், நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி நின்றோம். என் வாடிக்கையாளர்கள் முன்னறையில் மூடிக் கிடந்த மெஷினைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் மகள் சமைத்தாள், அண்ணி மகன் பரிமாறினான். மீன் வாடை என் தலைமுடி வரை ஏறிவிட்டது. சாயங்காலம் டாக்டரும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்குவார். அவர் கை எங்கள் கையைவிட நிதானம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு காலையில் கல் இடுக்கில் இருந்து தூசி எழுந்த மாதிரி ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தூசிக்கும் இரண்டு கண். நான் கைதட்டிக் கத்தினேன். அண்ணி மட்டும் சந்தோஷப்படவில்லை. எல்லாமே கண்ணாடி மாதிரி இருந்தன. அதில் எது கல்தூக்கியின் பிள்ளை, எது சிவப்பியின் பிள்ளை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லாமே கல்தூக்கியாகவும் இருக்கலாம்.

குஞ்சுகள் வளர்ந்தன. இதற்குள் பழைய சிவப்பிகள் ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பித்தன. கடைசி சிவப்பியை அண்ணி கையில் ஏந்தி எடுத்துப்போனதை நான் பார்த்தேன். அன்றும் அவள் தீவனம் போட்டாள், வலை கழுவினாள். பெரிதாக வளர்கிற குஞ்சுகளைப் பிரித்து வேறு குளத்தில் விட்டால் மற்றவைக்குத் தீனி கிடைக்கும் என்று டாக்டர் சொன்னபோது மட்டும் வாயைத் திறந்தாள்.

"பிரிக்க வேண்டாம் சார். ரெண்டும் இங்கயே இருக்கட்டும், தீனி கூடப் போடுறேன். பெரிசா ஆனதும் இதுங்களுக்கு யாரு கல்லு தூக்குவா? நீங்களா?"

டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, பிரிக்க வேண்டாம் என்றார்.

அடுத்த முட்டைப் பருவம் நெருங்கிய ஒரு நாள், நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி போனில், "வா" என்று மட்டும் சொன்னாள். குரல் சரியில்லை. அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடினேன். அவள் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரைக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு குஞ்சு திரும்பியபோது அதன் விலாவில், ஊசியில் நூல் கோத்த அளவுக்கு, ஒரு சிவப்பு. இன்னொன்று. பக்கத்தில் இன்னொன்று. கண் பழகப் பழகக் குளத்தில் பாதி சிவந்துகொண்டே வந்தது.

"அண்ணி!" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. "கடைசி மீனு வரைக்கும் நான்தான்டி தூக்கிட்டு வந்தேன். ஒண்ணுகூட மிச்சம் வெக்காம நான்தான்டி தூக்கினேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். எனக்கு எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. டாக்டர் வாய்க்காலைப் பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அழுது முடித்ததும் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அண்ணி என்னை ஒரு கையால் விலக்கினாள்.

"தள்ளி நில்லு. உன் நிழல் விழுது, அதுங்க பயப்படுது பாரு."